ஆர்சி மான்ஸ்டர் டிரக்கில் ஷாக் மாற்றுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து காற்றெடுப்பது வரை

குதித்து இறங்கிய ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) டிரக் பந்து மாதிரி இரண்டு மூன்று தரம் எம்பிக் கவிழ்கிறதா? ஷாக்கின் (சக்கரம் வாங்கும் அடியைத் தாங்கும் எண்ணெய்க் குழாய்) அடிப்பக்கம் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிக் கிடக்கிறதா? ஒவ்வொரு பெரிய குதிப்புக்கும் மேல்மூடி பிய்த்துக்கொண்டு போகிறதா? புது ஷாக் வாங்கும் எண்ணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான் வரும். பளபளக்கும் அலுமினிய செட்டை வாங்கி மாட்டிவிட்டு, அதே பந்துக் குதிப்பைத் திரும்பப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நீளமும் எண்ணெயும் பிஸ்டனும் (தண்டின் உள்முனையில் உள்ள துளையிட்ட வட்டு) ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் உடல் அலுமினியமாக இருந்து என்ன பயன்?

முதல் தடவை செய்பவருக்கு நான்கு ஷாக்கும் முடிய மூன்று மணி நேரம் ஆகும். எண்ணெயில் குமிழ் அடங்கக் காத்திருக்கும் நேரமும் இதில் சேர்த்தி. சாயங்காலம் ஆரம்பித்து, ராத்திரி நிற்கவைத்து, காலையில் மூடியைப் போடுவது இன்னும் நல்லது.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

ஒரு ஷாக்கைக் கழற்றி ஸ்பிரிங்கையும் எடுத்துவிடுங்கள். தண்டை மெதுவாக உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீரான பிடிமானம் இருந்தால் ஷாக் நல்ல நிலையில் இருக்கிறது; எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் மாற்றிப் பார்த்தாலே போதும். முதல் சில மில்லிமீட்டர் லேசாக ஓடி, அப்புறம்தான் பிடிக்கிறது என்றால் உள்ளே காற்று. பிடிமானமே இல்லையென்றால் எண்ணெய் போய்விட்டது, அல்லது அது எண்ணெயே இல்லாமல் உராய்வால் மட்டும் அசைவை அடக்கும் உராய்வு டேம்பர். ஆரம்பநிலை வண்டிகள் சிலவற்றில் அப்படித்தான் வரும். அவற்றை எப்படித் திருத்தினாலும் பலன் இல்லை, மாற்றியே ஆகவேண்டும்.

தண்டை உருட்டிப் பார்த்தால் நெளிகிறது, மூடியின் மரை வழுக்குகிறது, உடலில் கீறல் விழுந்திருக்கிறது, இவற்றில் ஏதாவது இருந்தாலும் புது செட்தான். இரண்டு செல் பேட்டரியிலிருந்து மூன்று செல்லுக்குப் போய்விட்டீர்கள், அல்லது பெரிய டயர் போட்டு எடை கூடிவிட்டது என்றாலும் மாற்றுவதில் நியாயம் உண்டு. கசிவு மட்டும்தான் குறை என்றால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கிட் ஒன்று வாங்கிப் போடுங்கள். புது செட்டின் விலையில் அது சொற்பம்.

2. அளவெடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஷாக்கை இரண்டு தரம் வாங்குகிறார்கள். "பத்தில் ஒன்று அளவு மான்ஸ்டர் டிரக்குக்குப் பொருந்தும்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி எதையும் வாங்காதீர்கள். வேண்டியது நான்கு எண்கள். எல்லாவற்றையும் மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். ஷாக்கின் நுனியிலிருந்து நுனிக்கு அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

வண்டியிலிருந்து இரண்டு எண். ஒரு பக்க ஷாக்கைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சஸ்பென்ஷன் ஆர்மை (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுங்கள். டிரைவ்ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஓரிடத்தில் கடகடவென்று தட்ட ஆரம்பிக்கும், அல்லது எலும்பு வடிவ டாக்போன் வகை என்றால் அது உட்கார்ந்திருக்கும் கப்பை விட்டு வெளியே வரப் பார்க்கும். அங்கிருந்து 2 மிமீ மேலே தூக்கி, ஷாக் டவரில் (ஷாக்கின் மேல்முனை மாட்டும் தகடு) உள்ள துளைக்கும் ஆர்மில் உள்ள துளைக்கும் இடையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஷாக் இதற்கு மேல் நீளக் கூடாது. அடுத்து வண்டியைச் சமதரையில் வைத்து அமுக்குங்கள். சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) தரையைத் தொட்டாலும் சரி, ஆர்ம் எதிலாவது முட்டினாலும் சரி, எது முதலில் நடக்கிறதோ அந்த இடத்தில் மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஷாக் இந்த அளவுக்காவது சுருங்க வேண்டும்.

ஷாக்கிலிருந்து இரண்டு எண்: முழுக்க நீட்டியபோது, முழுக்க அமுக்கியபோது. வித்தியாசம்தான் ஓட்டம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியின் எண்கள் 104, 70. வாங்க நினைக்கும் ஷாக் 100, 72. நீளும் பக்கம் சரி, 104க்குள் இருக்கிறது. சுருங்கும் பக்கம் உதைக்கிறது. ஆர்முக்கு இன்னும் மேலே போக இடம் இருக்கும்போதே, 2 மிமீ முன்னால் ஷாக் முடிந்துவிடும். அந்தக் கடைசி அடி முழுவதையும் வாங்குவது ஷாக் டவரும் தண்டும்தான். வண்டி விழும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். ஒரு நாள் டவர் விரிசல் விடும், "மட்டமான பிளாஸ்டிக்" என்று திட்டிக்கொண்டு அலுமினிய டவரும் வாங்குவீர்கள். டவரில் வேறு மேல்துளை இருந்தால் அதில் மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். இல்லையென்றால் வேறு ஷாக்.

நீளும் பக்கம் மட்டும் 2, 3 மிமீ அதிகம் என்றால் வழி உண்டு. ஷாக்குக்குள், பிஸ்டனுக்கும் உடலின் அடிப்பகுதிக்கும் நடுவில், தண்டில் அந்தத் தடிமனுக்கு ஒரு ஸ்பேசர் போட்டால் நீளம் அத்தனை குறையும்; ஓட்டமும் அதே அளவு குறையும்.

வண்டியின் கையேட்டில் பாகங்கள் பிரித்துக் காட்டிய படம் ஒன்று இருக்கும். முன்ஷாக், பின்ஷாக் இரண்டின் பாக எண்ணையும், தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெயின் எண்ணையும், பிஸ்டனில் எத்தனை துளை என்பதையும் அதிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் பின்ஷாக் நீளம் கூடுதல். நான்கும் ஒன்றே என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

3. வாங்கும்போது கவனிக்க

உடலும் மூடியும் இரண்டும் அலுமினியமாக இருக்கட்டும். அலுமினிய மூடியை மட்டும் வாங்கிப் பிளாஸ்டிக் உடலில் முறுக்கினால் மரை போவது உடலில்தான். தண்டு தடிமனாக இருப்பது நல்லது. மெல்லிய 3 மிமீ தண்டு கனமான வண்டியில் வளைந்துபோகும். பொன்னிறத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சுள்ள தண்டு சீக்கிரம் கீறாது, ஓ-ரிங்கும் நீடிக்கும். வெளி உடலின் நீலம், சிவப்பு, ஊதா எல்லாம் கண்ணுக்கு மட்டும்.

உதிரி கிடைக்காத ஷாக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தண்டு, ஓ-ரிங், பந்து முனை (தண்டை ஆர்மோடு இணைக்கும் முனை), மூடி ஆகிய நான்கும் தனியாக விற்கிறார்களா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ஷாக்கின் விலையோடு எண்ணெய், இரண்டு கடினத்தில் ஸ்பிரிங், ஓ-ரிங் கிட் இந்த மூன்றையும் கூட்டிப் பட்ஜெட் போடுங்கள். பெட்டியோடு வரும் எண்ணெயும் ஸ்பிரிங்கும் உங்கள் வண்டியின் எடைக்கு ஒத்துவருவது அபூர்வம்.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷாக் வீதம் எட்டு ஷாக் உள்ள வண்டியா? அங்கே இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து சுமக்கின்றன. எட்டை நான்காக்குகிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமாக வேண்டும்.

4. மேசையில் இருக்க வேண்டியவை

நல்ல எஃகில் செய்த ஹெக்ஸ் டிரைவர்கள் (1.5, 2, 2.5 மிமீ), மூக்குக் குறடு, வெர்னியர், சிலிகான் ஷாக் எண்ணெய், சிலிகான் கிரீஸ், திரிலாக் (திருகு தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை), பஞ்சு உதிராத துணி, ஷாக்கை நிமிர்த்தி நிறுத்த ஒரு தாங்கி. தாங்கிக்குத் தனியாகச் செலவு வேண்டாம். அட்டைப்பெட்டியில் நான்கு ஓட்டை போட்டால் ஆயிற்று. பாகங்களைப் போட வெள்ளைத் தட்டு ஒன்று. பிஸ்டனைப் பிடிக்கும் ஈ-கிளிப் துள்ளிப் போனால் தரையில் தேடி எடுப்பது பெரும்பாடு.

எண்ணெய் எவ்வளவு? உள்விட்டம் 12 மிமீ, உள்நீளம் 45 மிமீ உள்ள ஷாக் ஏறக்குறைய 5 மிலி பிடிக்கும். நான்குக்கு 20. சிந்துவது போக, 60 மிலி பாட்டில் இரண்டு தடவைக்குத் தாராளம்.

மோட்டார் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், சமையல் எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். ஓ-ரிங் ஊதிப்போய்த் தண்டு இறுகும், சூட்டுக்கும் அவை ஈடுகொடுக்காது.

5. பிஸ்டனும் எண்ணெயும்

சிலிகான் எண்ணெயின் கெட்டித்தன்மைக்குப் பாட்டிலில் இரண்டு விதமான எண் இருக்கும். ஒன்று வெயிட், மற்றொன்று சென்டிஸ்டோக்ஸ். வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்; ஒருவரின் 40 இன்னொருவரின் 40 அல்ல. சென்டிஸ்டோக்ஸ் பார்த்து வாங்குங்கள். மோட்டாவாகச் சொன்னால் 30 வெயிட் 350 சென்டிஸ்டோக்ஸ் பக்கம், 40 வெயிட் 500 பக்கம்.

பத்தில் ஒன்று அளவு வண்டிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றில் ஆரம்பிக்கலாம். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் 70 வெயிட் ஊற்றினால் டிரக் கட்டைவண்டி ஆகிவிடும், சின்ன மேடு பள்ளத்தில் சக்கரம் தரையையே தொடாது. வெயில் காலத்தில் எண்ணெய் இளகும், குளிரில் கெட்டியாகும். மத்தியான வெயிலில் ஓட்டுபவர் அரைப்படி கெட்டியாகப் போட்டுக்கொள்ளலாம்.

பிஸ்டனைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் குதிப்பில் வண்டி எப்படி இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது எண்ணெய்க்குச் சமமாகப் பிஸ்டன்தான். மெதுவான அசைவில் சின்னத் துளையும் இளகிய எண்ணெயும் சேர்ந்த ஷாக்கும், பெரிய துளையும் கெட்டி எண்ணெயும் சேர்ந்த ஷாக்கும் கைக்கு ஒரே மாதிரித் தெரியலாம். உயரத்திலிருந்து விழும்போதுதான் வித்தியாசம் வெளிப்படும். பிஸ்டன் வேகமாக ஓடும்போது சின்னத் துளை வழியாக எண்ணெய் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும்; ஷாக் அந்த நொடி கெட்டிப்பட்டு, சேஸி தரையில் மோதாமல் தாங்கும். பெரிய குதிப்புகளுக்கு அது நல்லது. கல்லும் கரடும் நிறைந்த தரையில் வேகமாக ஓட்டினால் அதே குணம் வண்டியை உதறவைக்கும். அங்கே பெரிய துளை வேண்டும்.

துளைகளை எண்ணி முடிவெடுக்காதீர்கள், மொத்தப் பரப்பைப் பாருங்கள். 1.5 மிமீ துளை இரண்டு என்றால் சுமார் 3.5 சதுர மிமீ. 1.3 மிமீ துளை மூன்று என்றால் 4க்குச் சற்றுக் குறைவு. ஆக, துளை ஒன்று கூடினாலும் பரப்பு கொஞ்சம்தான் கூடுகிறது.

6. ஷாக்கைக் கட்டுங்கள்

புது ஷாக் கட்டி முடித்து எண்ணெயோடு வந்தாலும் ஒரு தடவை பிரித்துவிடுங்கள். தொழிற்சாலையில் நான்கிலும் ஒரே அளவு ஊற்றியிருப்பார்கள் என்று நம்ப முடியாது. உலோகத் துகள் இருக்கக்கூடும், துணியால் துடைத்தெடுங்கள்.

பிஸ்டனைத் தண்டில் மாட்டி ஈ-கிளிப் அல்லது நட்டால் இறுக்குங்கள். பிஸ்டன் ஆடக் கூடாது. ஓ-ரிங்குகளில் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். தண்டின் மரை கூர்மையாக இருக்கும். உலர்ந்த ஓ-ரிங் வழியாக அதைச் செலுத்தினால் வளையம் அப்போதே அறுந்துவிடும். புதுசாக மாட்டிய ஷாக் மறுநாளே கசிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சுற்றிக்கொண்டே நுழைத்துவிடுங்கள்.

பந்து முனையைத் தண்டில் முறுக்கும்போது தண்டைக் குறடால் நேரடியாகப் பிடித்தால் எல்லாம் கெட்டது. மயிரிழைக் கீறல் ஒன்று போதும். ஒவ்வொரு அசைவிலும் அது ஓ-ரிங்கை அரம் மாதிரி அராவிக்கொண்டே இருக்கும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டித் தண்டில் சுற்றி, அதன் மேல் பிடியுங்கள். நான்கு பந்து முனைகளையும் ஒரே ஆழத்துக்கு முறுக்கியிருக்கிறீர்களா என்று வெர்னியரால் பார்த்துக்கொள்ளுங்கள். இடது வலது இரண்டுக்கும் 1 மிமீ வித்தியாசம் இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

7. எண்ணெய் ஊற்றிக் காற்றை எடுங்கள்

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இந்தப் படிக்கு அது அப்படியே பொருந்தும்.

ஷாக்கை நிமிர்த்தி, தண்டைக் கீழே முழுக்க இழுத்துவிடுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மிமீ கீழே வரை எண்ணெயை ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். தண்டை மெதுவாக மேலே தள்ளி, மெதுவாகக் கீழே இழுங்கள், பத்துத் தடவை. பிஸ்டன் எண்ணெய்ப் பரப்பைத் தாண்டி வெளியே வரவே கூடாது, வந்தால் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகும். பிஸ்டனின் அடியிலிருந்து பெரிய குமிழ்கள் முதலில் வரும். கொஞ்ச நேரத்தில் கடுகுபோல, அப்புறம் ஊசிமுனைபோல. இப்போது தண்டைக் கீழே இழுத்த நிலையில் 10 நிமிடம் விட்டுவிடுங்கள். கெட்டி எண்ணெய் என்றால் அரைமணி. மறுபடி நாலைந்து தடவை அசைத்து, காத்திருந்து, குறைந்ததை நிரப்புங்கள். எண்ணெய் கண்ணாடிபோலத் தெளிந்தால்தான் மூடியைத் தொட வேண்டும்.

விளிம்பு வரை நிரப்பித் தண்டை வெளியே வைத்தபடி மூடினால் என்ன ஆகும்? தண்டு உள்ளே வரும்போது அதுவும் இடம் பிடிக்கும். 3.5 மிமீ தண்டு 28 மிமீ உள்ளே போனால் 0.27 மிலி எண்ணெய்க்கு வேறு இடம் வேண்டும். எண்ணெய் அமுங்காது. இடம் இல்லையென்றால் ஷாக் பாதியிலேயே நின்றுவிடும், அல்லது வண்டி விழும் வேகத்தில் மூடியைப் பிய்த்துக்கொண்டு எண்ணெய் வெளியேறும். மூடிக்கு அடியில் ரப்பர் கிண்ணம்போல ஒரு பிளாடர் இருப்பது இதற்காகத்தான். எண்ணெய் தள்ளும்போது அது உள்வாங்கி இடம் கொடுக்கும்.

பிளாடர் உள்ள ஷாக்கில் இப்படிச் செய்யுங்கள். எண்ணெய் விளிம்பில் மேடு கட்டி நிற்க வேண்டும். பிளாடரை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து அமுக்கினால் அடியில் காற்று சிக்காது. தண்டைப் பாதி வரை மெதுவாக மேலே தள்ளி, வழியும் எண்ணெயை வழியவிடுங்கள். தண்டை அங்கேயே பிடித்தபடி மூடியை முறுக்குங்கள். பிளாடர் இல்லாத வகையில் மூடிக்கு அடியில் கொஞ்சம் காற்று வேண்டுமென்றே விடப்படும். மூடியில் காற்றுத் திருகு இருந்தால் அதைத் திறந்துவைத்துத் தண்டை மேலே தள்ளி, மிகுதி எண்ணெய் வந்த பிறகு திருகை மூடுங்கள்.

இப்போது சோதனை. தண்டை முழுக்க உள்ளே தள்ளி விடுங்கள். ஓட்டத்தில் கால்வாசி முதல் பாதி வரை தானாக வெளியே வந்தால் சரி. முழுக்கத் துள்ளி வந்தால் எண்ணெய் அதிகம். உள்ளே போகும்போதே கடைசி மில்லிமீட்டர்களில் கல்லாக நின்றால் மிக அதிகம். "சளக் சளக்" என்று சத்தம் கேட்டால் காற்று இருக்கிறது, திரும்பச் செய்யுங்கள்.

முன் இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று பிடித்து, தண்டு முனைகளை முட்டவைத்து அமுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்க வேண்டும். ஒன்று தோற்றால், எது ஒழுங்காகக் காற்றெடுக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும். பின் இரண்டுக்கும் அதேபோல.

8. ஸ்பிரிங்

கடினமான ஸ்பிரிங் போட்டால் குதிப்பைத் தாங்கும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும். அதை விழுங்குவது எண்ணெய்தான். ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால் பந்துக் குதிப்பு கூடும்.

கம்பியின் தடிமனில் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். கடினம் தடிமனின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும். அதே விட்டம், அதே சுற்று வைத்து 1.2 மிமீ கம்பியிலிருந்து 1.3க்குப் போனால் 38 சதவீதம் கடினம் கூடும். கண்ணால் பார்த்து "கொஞ்சம்தானே தடிமன்" என்று எடுத்துவிடாதீர்கள்.

உடலில் சுற்றும் காலரை (ஸ்பிரிங்கின் மேல்முனை முட்டும் வளையம்) இறக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டியின் உயரம்தான் ஏறும். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டிய வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டு, நிற்கும் நிலையைப் பாருங்கள். ஆர்ம்கள் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக, வெளிமுனை சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். ஷாக்கின் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டியின் சொந்த எடைக்கே அமுங்கியிருப்பது மான்ஸ்டர் டிரக்குக்குத் தோதான அளவு. காலரை முழுக்க இறக்கியும் வண்டி உட்கார்ந்தே இருந்தால்தான் கடினமான ஸ்பிரிங்.

9. வண்டியில் மாட்டுங்கள்

உலோகத்தில் இறங்கும் உலோகத் திருகுக்கு மட்டும் நீல நிறத் திரிலாக் ஒரு துளி. பிளாஸ்டிக்கில் பட்டால் அது நொறுங்கிப்போகும். திருகை இறுக்கிய பிறகும் ஷாக் அதன் மேல் தாராளமாக ஆட வேண்டும். இறுகினால் ஷாக் பக்கவாட்டில் வளைந்து தண்டைத் தின்னும்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி ஆர்மை மேலும் கீழும் முழுக்க அசைத்துப் பாருங்கள். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயரோ ஆர்மோ ஷாக்கின் உடலில் உரசுகிறதா என்று பாருங்கள். பருத்த ஷாக்குகளில் இது அடிக்கடி நடக்கும். உரசினால் ஒரு வாஷர் கொடுத்து வெளியே தள்ளுங்கள், அல்லது துளையை மாற்றுங்கள். ஆர்மில் ஷாக்கை உள்துளைக்கு மாற்றினால் அதே ஸ்பிரிங் மிருதுவாக நடந்துகொள்ளும், டவரில் சாய்வாக மாட்டினாலும் அப்படியே. அளவுகள் மாறும் என்பதால் துளை மாற்றிய ஒவ்வொரு தடவையும் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

10. ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள்

முழங்கால் உயரத்திலிருந்து வண்டியைச் சமமாகக் கீழே விடுங்கள். சேஸி தரையை லேசாகத் தொட்டு, ஒரே தடவை எழுந்து நின்றுவிட்டால் நல்லது.

எழுந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தால் எண்ணெய் ஒரு படி கெட்டியாக. சேஸி பட்டென்று அறைந்தால் கெட்டி எண்ணெய் அல்லது சின்னத் துளைப் பிஸ்டன். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஸ்பிரிங். வரிசையாக மேடு வரும் தரையில் வண்டி போகப்போகத் தாழ்ந்துகொண்டே வந்தால் எண்ணெய் அதிகக் கெட்டி, ஷாக் திரும்ப நீளுமுன் அடுத்த மேடு வந்துவிடுகிறது. இறங்கும்போது மூக்கு மட்டும் குத்தினால் முன்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

இரண்டு பேட்டரி ஓட்டம் முடிந்ததும் எல்லா மூடியையும் திருகையும் கையால் தொட்டுப் பாருங்கள். முதல் எண்ணெய் சாம்பல் நிறமாகிவிட்டால் பதற வேண்டாம். புது அலுமினியம் தேயும்போது வருவது அது. அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இரண்டாவது தடவையும் அதே வேகத்தில் கறுத்தால் தண்டு வளைந்திருக்கிறதா, பிஸ்டன் உடலில் உரசுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.